ஐம்பது அடி

சாவி அலுமாரிக்குள் இருந்தது. ஆனாலும் கார் மூச்சு விட்டது.

அப்துல் ஸமட் சேர் சுபஹு தொழுதுவிட்டு வந்து, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, போர்ட்டிக்கோவில் கதிரையைப் போட்டுப் பத்திரிகையை விரித்த நேரம் அது. முதலில் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டர் என்று நினைத்தார். பிறகு தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார். எழுந்து போய் காரின் முன்மூடியில் காதை வைத்தபோது உள்ளே ஒரு காற்றாடி தன்பாட்டில் சுழன்றுகொண்டிருந்தது. சுழன்றது, நின்றது, யோசித்தது, மறுபடி சுழன்றது. காரின் அடியிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரும்பவும் 'டிக்'.

காருக்கும் மகள் பஸ்மினாவின் அறைக்கும் நடுவில் இருந்தது ஒற்றைக்கல் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், ஜன்னலுக்கு நேர் கீழே, பிறந்து பதினொரு நாளான அவருடைய முதல் பேத்தி உறங்கிக்கொண்டிருந்தாள்.

அப்துல் ஸமட் சேரைக் கல்முனைக்குடியில் தெரியாதவர்கள் இல்லை. தெரியாமல் இருக்க அவர் யாரையும் விட்டதும் இல்லை. ஓய்வுபெற்ற கோட்டக் கல்விப் பணிப்பாளர், அகில இலங்கை சமாதான நீதவான், பதினான்கு சங்கங்களின் போஷகர். அவருடைய விசிட்டிங் கார்ட் மூன்றாக மடியும். அலுமாரியின் மேல்தட்டு முழுக்கப் பொன்னாடைகள். அவற்றில் நான்கை வெட்டி மனைவி றம்ஸியா தலையணை உறை தைத்துவிட்டாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. தினமும் கௌரவத்தின் மேல்தான் தலைவைத்துப் படுத்தார்.

வாகன இறக்குமதித் தடையை அரசாங்கம் நீக்கிய கையோடு ஊரில் முதலாவதாக மின்சாரக் கார் எடுத்தவரும் அவர்தான். எடுத்த மூன்றாம் மாதம் கொழும்பிலிருந்த ஏதோ ஒரு பேரவை அவருக்குச் 'சூழல்கீர்த்தி' என்று பட்டம் கொடுத்தது. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்தில் எதைப் பேச அழைத்தாலும் அவர் மின்சாரக் காரைத்தான் பேசினார். சவளக்கடை விவசாயிகள் உரவிலை பற்றிப் பேச அழைத்தார்கள். ஒன்றேகால் மணித்தியாலம் கார் பற்றித்தான் கேட்க வேண்டி வந்தது. கடைசியில் சங்கத் தலைவர் சின்னப்போடி எழுந்து, "சேர், ஒரு சந்தேகம். எங்கட உழவு மெசின் பழுதானா வளவுக்குள்ள கிடக்கும், கோழி போய் அடை கிடக்கும். இது பழுதானா எங்க கொண்டு போடுற?" என்று கேட்டார்.

"பழுதாகாது," என்றார் சேர். கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள்.

திரும்பி வரும்போது ஆற்றைக் கடக்கிற கிட்டங்கித் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வாகனங்கள் வரிசையாக நின்றன. றம்ஸியாவின் தம்பி மீராமுகைதீனும் உழவு மெசினோடு நின்றான். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு மாரிகாலம் என்றால் சைலன்ஸர் காலம். சைலன்ஸர் வாயில் றப்பர் குழாயை மாட்டி, ஆளுயரத்துக்குத் தூக்கிக் கட்டிக்கொண்டு தாம்போதி கடக்கிறவர்கள். வாகனம் தண்ணீரில் சாவது அந்த ஓட்டையால்தான் என்று பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும்.

"நில்லு மச்சான். பின்னேரத்துக்கு வத்திரும்," என்றான் மீராமுகைதீன்.

சேர் காரின் பின்பக்கத்தைக் காட்டினார். "இதில சைலன்ஸர் எங்க இரிக்கி? காட்டு பாப்பம். பூர வழியே இல்லாத இடத்தால தண்ணி எப்பிடிப் பூரும்?"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். உண்மைதான், சைலன்ஸர் இல்லை. அந்த ஊருக்கே உரிய அறிவின்படி அந்தக் காருக்குச் சாவில்லை. பொன்னாடையைக் கழற்றாமலே சேர் ஏறி உட்கார்ந்து, முழங்காலுக்கு மேல் ஓடிய வெள்ளத்துக்குள் காரை விட்டார். நடுத்தாம்போதியில் ஒரு நிமிடம் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிக் கையும் காட்டினார். யாரோ எடுத்த வீடியோவை இலங்கை முழுக்கப் பார்த்தது. 'கிட்டங்கிச் சிங்கம்' என்று கீழே எழுதினார்கள். அதை அவர் சொந்தச் செலவில் பிரேம் போட்டு வைத்தார்.

அது நடந்து எட்டு நாளாகியிருந்தது.

காரை விற்ற கொழும்புக் கம்பனிக்கு அவர் குளியலறையில் நின்று கோல் எடுத்தார். ஒரு பெண் பிள்ளை பேசினாள். விதுஷா என்று பெயர் சொன்னாள்.

"வாகனம் தண்ணியில போனதா சேர்?"

"கொஞ்சம்."

"கொஞ்சம் எண்டா எவ்வளவு சேர்?" என்று கேட்டவள், பதிலுக்கு நிற்காமல், "பரவாயில்ல சேர், அந்த வீடியோவ எங்கட ஒஃபிஸில எல்லாரும் பார்த்தம்," என்றாள். "அது உப்புத் தண்ணியா?"

"ஆத்துத் தண்ணி பிள்ள," என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். அந்த வாரம்தான் வெள்ளம் வடிய ஆற்றின் முகத்துவாரத்தை வெட்டிக் கடலைத் திறந்துவிட்டிருந்தார்கள். ஆறு கடலுக்குள் போனது. கடலும் ஆற்றுக்குள் வந்தது. "கலந்த தண்ணி," என்றார்.

மறுமுனையில் கொஞ்ச நேரம் கீபோர்ட் தட்டும் சத்தம். பிறகு அவள் எதையோ பார்த்து வாசிக்கிற குரலில் சொன்னாள். சார்ஜ் போடக் கூடாது. ஓட்டக் கூடாது. உள்ளே யாரும் இருக்கக் கூடாது. கட்டடங்களிலிருந்து குறைந்தது ஐம்பது அடி தள்ளித் திறந்த இடத்தில் நிறுத்த வேண்டும்.

"ஏன் பிள்ள?"

"முன்னெச்சரிக்கைதான் சேர்."

"என்னத்துக்கு முன்னெச்சரிக்கை?"

"தண்ணி பூந்த பற்றரி சில நேரம் நாள் கழிச்சுத் தீப்பிடிக்கும் சேர். பிடிச்சா அணைக்கிறது கஷ்டம். சில நேரம்தான் சேர்." அவள் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "பாதை சரியானதும் கார ஏத்திவர கெரியர் லொறி அனுப்புவம். பத்துப் பன்னிரண்டு நாள் போகும்."

"அதுவரைக்கும்?"

"ஐம்பது அடி சேர்."

அழைப்பு முடிந்ததும், இந்தச் சேவைக்கு ஒன்றிலிருந்து ஐந்துவரை புள்ளி வழங்குமாறு ஒரு இயந்திரக் குரல் கேட்டது. சேர் நாலை அழுத்தினார். கோபம் வந்தாலும் பண்பு தவறாத மனிதர்.

குளியலறையை விட்டுப் போர்ட்டிக்கோவுக்கு வந்தார். காரின் பின்சில்லுக்குப் பக்கத்தில் மருத்துவிச்சி சபியா உம்மா குந்தியிருந்து, சிரட்டைக் கரி நெருப்பை ஓலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டி, தலைக்குச் சாம்பிராணிப் புகை பிடிக்கத் தினமும் வருகிறவள். சட்டியிலிருந்து ஒரு பொறி எழும்பிக் காரின் அடிக்குள் போனது. சேர் அதைக் கண்ணால் தொடர்ந்தார். அது அணைந்தது.

"இதில நல்லாக் காத்து வருது சேர்," என்றாள் சபியா உம்மா. "கார்ட அடியாலதான் வருது. ஒரு வாசமும் வருது. நகத்துக்குப் பூசுற கியூட்டெக்ஸ் வாசம் மாதிரி, இனிப்பா."

"சட்டிய எடுங்க."

"ஏன்?"

நாற்பது வருடம் மேடை பார்த்த நாக்கு, தேவைப்பட்ட நேரத்தில் ஒரு சொல்லைத்தான் கொண்டுவந்தது. "புகை," என்றார் சேர். "சூழலுக்குக் கூடாது."

சபியா உம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "உங்கட மகளுக்கும் இந்தக் கையாலதான் புகை புடிச்ச. அப்ப ஒரு சூழலும் சாகல்லயே." அவள் கோபத்தோடு சட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அதாவது சுவருக்கு அந்தப் பக்கம் போனாள். நெருப்பு இப்போது காருக்கு இன்னும் நேராக இருந்தது. சேர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். சுவர் குளிர்ந்துதான் இருந்தது. உள்ளங்கைதான் நனைந்திருந்தது.

"என்னத்தத் தடவுறீங்க?"

பின்னால் றம்ஸியா நின்றாள். முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. குளியலறைக் கதவு மெல்லிய பிளாஸ்டிக் கதவு.

"எல்லாம் கேட்டன்," என்றாள் அவள், அறைக்குள் கேட்காத குரலில். "இது மகள்ட சீதன வீடு. நானும் நீங்களும் இதில ஒதுக்கா இரிக்கிற ஆக்கள். இதுக்குள்ள இப்பிடி ஒரு முசீபத்தக் கொண்டுவந்து வெச்சிரிக்கீங்க. லுஹர் தொழுகைக்கு முதல் இது இஞ்ச இரிக்கக்கூடா."

"பஸ்மினாவப் பின்னறைக்கு மாத்தினா..."

"வயித்தில தையலோட, நாப்பது கழியாத புள்ளய எழுப்பி என்ன காரணம் செல்லுவீங்க? கார் வெடிக்கும் எண்டா? அவள்ட பால் வத்திப்போகும். இல்லாட்டி கிட்டங்கிச் சிங்கம் கிடங்குக்குள்ள விழுந்திட்டு எண்டு செல்லுவீங்களா?"

சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை தும்மியது. அதே நேரம் காரின் காற்றாடி சுழலத் தொடங்கியது. இருவரும் அசையாமல் நின்றார்கள், அது நிற்கும்வரை.

சேர் கோல் எடுத்ததும் மோட்டர் வைண்டிங் செய்கிற ஜுனைட் வந்தான். டோர்ச்சோடு காரின் அடியில் படுத்தவன், படுத்த வேகத்திலேயே எழுந்துவிட்டான்.

"அடித்தகடு ஊதியிரிக்கி சேர். நான் இதத் தொட மாட்டன். வாப்பா மௌத்தாகிட்டார், உம்மாவுக்கு நான் ஒரு ஆள்தான்." நல்ல பிள்ளை என்பதால், முன்மூடியைத் திறந்து சின்ன பற்றரிக்கு வெளியாலிருந்து உயிர் கொடுத்து, பூட்டிக் கிடந்த சில்லுகளை மட்டும் விடுவித்தான். "இனி இழுக்கலாம். ஆனா ஆக்களுக்குச் செல்லிப்போட்டு இழுங்க சேர்."

"செல்லலாம், செல்லலாம்," என்றார் சேர்.

எங்கே இழுப்பது என்பதுதான் கேள்வி. அந்த ஊரில் ஒரு வீட்டுக் கூரையின் மழை அடுத்த வீட்டு முற்றத்தில்தான் விழும். ஐம்பது அடி வெறும் நிலம் யாரிடமாவது இருந்தால் அது நிலமல்ல, இன்னும் கலியாணம் பேசாத ஒரு மகள். நாளைக்கு அதிலும் ஒரு சீதன வீடு எழும்பும். சேர் ஒரு துண்டு விடாமல் யோசித்துப் பார்த்தார். வயல்வெளி இடுப்பளவு தண்ணீருக்குள் கிடந்தது. பள்ளிவாசல் முற்றத்தில் நிவாரண அரிசி மூட்டைகள். பாடசாலை மைதானம் நினைவுக்கு வந்ததும் அதிபர் முஸ்பிறாவுக்குக் கோல் எடுத்தார். அவருக்குக் கீழே வேலை பார்த்தவள்.

"கார இஞ்ச கொண்டு வாறீங்களா சேர்? எதுக்கு?"

"ஒரு காட்சிக்காக."

"மாஷா அல்லாஹ். ஆண்டு ஒண்டுப் புள்ளைகளச் சுத்தி உக்கார வெச்சு அதப் பாத்துப் படம் கீற வைப்பம். வண்டிக்குள்ளயும் ஏத்திக் காட்டலாம்தானே சேர்?"

சேர் போனை வைத்துவிட்டார். நூற்றிருபது பிள்ளைகள் வட்டமாக இருந்து கலர் பென்சிலால் காரைக் கீறிக்கொண்டிருப்பது கண்ணுக்குள் வந்தது. நெருப்புக்கு ஆறு வயதுப் பிள்ளை என்ன நிறம் எடுக்கும் என்பதும் வந்தது.

மிஞ்சியது கடற்கரை.

மீராமுகைதீன் உழவு மெசினோடு வந்தான். "பற்றரி இறங்கிட்டா மச்சான்?"

"பராமரிப்பு."

"கடலுக்குப் பக்கத்தில என்ன பராமரிப்பு? உப்புக் காத்தில இரும்பு கறள் புடிக்கும்."

"இது இரும்பில்ல. அலுமினியம்," என்று சேர் அதட்டினார். "கவுற நீட்டமாக் கட்டு."

"இவ்வளவு நீட்டமா? மாடா மேய்க்கப் போறம்?"

கட்டி முடிந்த பிறகுதான் ஒரு விஷயம் தெரியவந்தது. இழுபடுகிற காருக்குள் ஒருவர் இருந்து ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். மீராமுகைதீன் வாசலில் வேடிக்கை பார்த்த இரண்டு இளந்தாரிகளைக் கைகாட்டினான். அவர்கள் சந்தோசமாக முன்னுக்கு வந்தார்கள். சேர் அவர்களைப் பார்த்தார். 'செல்லிப்போட்டு இழுங்க' என்று ஜுனைட் சொன்னது நினைவுக்கு வந்தது. சொன்னால் ஊருக்குத் தெரியும். சொல்லாமல் ஏற்றினால் ஊருக்குத் தெரியாது, மேலே உள்ளவனுக்குத் தெரியும்.

"நானே இரிக்கன்," என்றார்.

கதவை முழுக்க மூடாமல் வலதுகையால் பிடித்துக்கொண்டார். இடதுகையில் ஸ்டியரிங். ஒரு காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டார். ஆபத்துக்குக் காவலாக ஓதுகிற ஆயத்துல் குர்ஸியைத் தொடங்கினார். முன்னால் மெசின் கக்கிய கரும்புகை காரை மூடியது. பின்கண்ணாடியில் 'புகையில்லா எதிர்காலம்' என்று அவரே ஒட்டிய ஸ்டிக்கர் ஊரைப் பார்த்துக்கொண்டு போனது. கடைகளுக்குள்ளிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"சேர், கால வெளியால விட்டுக்கிட்டு என்ன ஸ்டைல்?"

"மண்ணெண்ண ஊத்திப் பாருங்க சேர், சிங்கம் எழும்பும்."

சேர் சிரித்தார். கையை எடுத்தால் கதவு ஆடும் என்பதால் தலையை மட்டும் ஆட்டினார். வேகத்தடை ஒவ்வொன்றிலும் கார் ஏறி விழுந்தது. விழும்போதெல்லாம் இருக்கைக்குக் கீழே, சரியாக அவருடைய முதுகெலும்பு முடிகிற இடத்தில், 'டிக்' என்றது. கடற்கரை வீதிக்குத் திரும்பும்போது 'டிக்'குக்குப் பதில் வேறொரு சத்தம் கேட்டது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்போது கேட்கிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. இருக்கை சூடாக இருந்தது. அது வெயில் சூடு என்று தனக்குச் சொல்லிக்கொண்டார். வானம் மூன்று நாளாக மூடிக்கிடந்தது.

ஓதிக்கொண்டிருந்த இடம் மறந்துபோய், தொடக்கத்திலிருந்து மறுபடி தொடங்கினார்.

கடல் அரித்துப் போக மிஞ்சிய கரை ஒடுங்கியது. தோணிகள், வலைகள், மீனவர் கொட்டில்களான வாடிகள். வாடிகளின் வரிசை முடிகிற இடத்தில் கொஞ்சம் வெறும் மணல் இருந்தது. சேர் இறங்கி ஓடவில்லை. ஓட வேண்டும் போலிருந்தது, ஆனால் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடந்து போய் அடி அளந்தார். கடல் பக்கம் இருபது. மறுபக்கம், கருவாடு போடும் உம்மு என்பவளின் கிடுகுக் குடிசைவரை முப்பது.

"இதுக்கு மேல போனா கடல்தான் மச்சான்," என்றான் மீராமுகைதீன்.

'கட்டடங்களிலிருந்து ஐம்பது அடி' என்றுதான் கம்பனிப் பிள்ளை சொன்னது. கிடுகும் தகரமும் கட்டடமாகுமா என்று சேர் தன்னையே கேட்டார். கேட்டவரும் தீர்ப்புச் சொன்னவரும் ஒரே சமாதான நீதவானாக இருந்ததால் வழக்கு கெதியாக முடிந்தது.

"கடல்காத்து படட்டும்," என்று குடிசை வாசலில் நின்ற உம்முவிடம் சொன்னார். "பற்றரிக்கு நல்லம்."

"நிக்கட்டும் சேர். எங்களுக்கென்ன," என்றாள் உம்மு.

வீட்டில் போர்ட்டிக்கோ வெறிச்சென்று கிடந்தது. றம்ஸியா மீன் ஆணத்தோடு சோறு போட்டாள். பஸ்மினா அறைக்குள்ளிருந்து, "வாப்பா, கார் எங்க?" என்று கேட்டாள். "சேர்விஸுக்கு," என்றார். பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைத்தார்கள். அது அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு உறங்கியது. விரலை எடுக்க மனமில்லாமல் ஒரு மணித்தியாலம் இருந்தார்.

பயம் காரோடு போயிருக்க வேண்டும். போகவில்லை. கயிறு நீண்டிருந்தது, அவ்வளவுதான்.

உம்முவின் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று அவர் யோசித்துப் பார்த்தார். வாசலில் மூன்றைக் கண்ட ஞாபகம். ஒன்று தவழ்கிற வயது. புருசன் ஆழ்கடல் போட்டில் போகிறவன் என்றும் யாரோ சொல்லியிருந்தார்கள். இதையெல்லாம் கார் நிறுத்தும்போது தெரியாமல் இருந்ததா என்று தன்னைக் கேட்டபோது, இந்த வழக்கைத் தீர்க்க நீதவான் முன்வரவில்லை.

பின்னேரம் அசர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்கு நடந்தார். வாடிகளைத் தாண்டியதும் காரைக் கண்டார். கண்டதும் நின்றுவிட்டார்.

முன்மூடி முழுக்கக் கருவாடு பரப்பியிருந்தது. கூரைமேலும் பரப்பியிருந்தது. பக்கக் கண்ணாடியில் ஒரு பாவாடை காய்ந்தது. காற்றுப் படாத பக்கத்தில், முன்சில்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உம்முவின் மூத்த பெண் தவழ்கிற பிள்ளையை மடியில் வைத்து உறங்கப்பண்ணிக்கொண்டிருந்தாள். நடுப்பிள்ளை காரின் அடிக்குள் குப்புறப்படுத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

"சேர், கோவிச்சிராதீங்க," என்று உம்மு ஓடிவந்தாள். "மூணு நாளா வெயில் இல்ல. கருவாடு புழுப்புடிக்கப் பாத்திச்சி. உங்கட கார் நல்ல சூடா இரிக்கி. அடுப்பு மாதிரி. அரைவாசி காஞ்சிட்டு."

"அதில போடக்கூடா," என்றார் சேர். "அது... அது வெளிநாட்டுப் பெயின்ட். உப்புப் பட்டா உரியும்."

சொன்ன பிறகுதான் என்ன செய்துவிட்டார் என்பது தெரிந்தது. உம்மு பதறிப்போய்க் கருவாட்டை வாரிக் கூடையில் போட்டுவிட்டு, முந்தானையை நனைத்து முன்மூடியைத் துடைக்கத் தொடங்கினாள். வயிற்றைக் காரோடு அழுத்திக்கொண்டு எட்டி எட்டித் துடைத்தாள். "புள்ள, நீயும் வா, அங்கால பக்கம் துடை," என்று மூத்தவளையும் கூப்பிட்டாள். மூத்தவள் கைப்பிள்ளையைச் சில்லுக்குப் பக்கத்தில் மணலில் இருத்திவிட்டு எழுந்தாள். காற்றாடி சுழலத் தொடங்கியது. இந்த முறை அது நிற்கவில்லை.

"உம்மு, கைய எடு."

"கொஞ்சம்தான் சேர், இந்தச் செதில்..."

"கைய எடு. இது தீப்பிடிக்கும். வெடிக்கும். புள்ளைகளத் தூக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவருடைய முகத்தில் அவள் எதைக் கண்டாளோ, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் காருக்குக் கீழே கைவிட்டு நடுப்பிள்ளையின் காலைப் பிடித்து இழுத்தாள். சேர் கைப்பிள்ளையைத் தூக்கினார். சாரன் தடுக்க, மணலில் கால் புதைய, அந்த வயதில் ஓடக்கூடிய அளவு ஓடினார். வாடிகளின் பக்கம் வந்து நின்றபோது அவருடைய தொப்பி தலையில் இல்லை. தோணியடியில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, மைக் இல்லாமல், முன்னுரை இல்லாமல், "கிட்டப் போகாதீங்க, பற்றரிக்குள்ள தண்ணி பூந்திட்டு, நான்தான் பூர விட்ட," என்று கத்தினார்.

உம்முவுக்கு மூச்சு வாங்கியது. "எப்ப வெடிக்கும்?"

"தெரியா. இப்பவும் வெடிக்கலாம். வெடிக்காமலும் இரிக்கலாம். லொறி வரப் பத்து நாளாகும்."

"இது தெரிஞ்சா கொண்டுவந்து வெச்சீங்க?"

அவரிடம் அதற்குப் பல பதில்கள் இருந்தன. நாட்டின் உட்கட்டமைப்பு பற்றி ஒன்று, கம்பனியின் பொறுப்பின்மை பற்றி ஒன்று.

"ஓம்," என்றார்.

உம்மு ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தன் குடிசையைப் பார்த்தாள், காரைப் பார்த்தாள், நடுவிலிருந்த மணலைப் பார்த்தாள். "அவர் கடலால வர இன்னும் நாலஞ்சு நாள். எனக்கு இஞ்ச வேற ஆக்கள் இல்ல." பிறகு மிகச் சாதாரணமாக, சந்தையில் இடம் கேட்கிற மாதிரிக் கேட்டாள். "உங்கட வீட்ட இது நிண்ட இடம் இப்ப சும்மாதானே கிடக்கும்?"

சேர் வாயைத் திறந்தார். நாற்பது கழியாத மகள், சபியா உம்மா, கட்டாரிலிருக்கும் மருமகன், கருவாட்டு வாசம், எல்லாம் நாக்கு நுனிக்கு வந்தன. கையிலிருந்த பிள்ளை அவருடைய சேர்ட் பட்டனை வாய்க்குள் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தது.

"வாங்க," என்றார்.

அவர்கள் கடற்கரை வீதியால் நடந்தார்கள். சேர் முன்னால், தொப்பியில்லாமல், கையில் பிள்ளையோடு. பின்னால் தலையில் கருவாட்டுக் கூடையோடு உம்மு. அவளுக்குப் பின்னால் ஒரு சருவச் சட்டியும் இரண்டு பாயும் தூக்கிய மூத்தவளும், நடுப்பிள்ளையும். ஒவ்வொரு வீட்டுக் கேற்றிலும் ஒருவர் நின்றார்.

"என்ன சேர் ஊர்வலம்?"

முதல் கேற்றில் சேர் முழுக்கச் சொன்னார். மின்கலம், வெள்ளம், உப்பு, கம்பனி. இரண்டாவது கேற்றில் கம்பனியை விட்டுவிட்டார். மீராமுகைதீன் தன் வாசலில் மெசினைக் கழுவிக்கொண்டு நின்றான். "கார் எங்க மச்சான்?" என்றான்.

"பழுதாகிட்டு. வெடிக்கும் போல இரிக்கி. ஒருத்தரையும் கடற்கரைக்கு விடாத," என்றார் சேர். "உனக்கும் செல்லாமத்தான் இழுக்க வெச்ச."

மீராமுகைதீனின் கையிலிருந்த குழாயிலிருந்து தண்ணீர் அவன் காலிலேயே கொட்டியது. குழாயைப் போட்டுவிட்டு, மெசினில் தொங்கிய நீண்ட கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கடற்கரைப் பாதையை மறித்துக் கட்ட ஓடினான்.

மழை தூறத் தொடங்கியது. சேர் தன் கையால் பிள்ளையின் தலையை மூடினார். நடக்க நடக்கக் காது பின்னாலேயே இருந்தது. அலைச்சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு அலை உடையும்போதும் அவர் தோள் ஒருமுறை குலுங்கியது.

"சேர்," என்றாள் உம்மு பின்னாலிருந்து. "அது பத்தினா இந்த மழைக்கு அணையாதா?"

"அணையாது."

அவள் கூடையைத் தலையில் சரிசெய்துகொண்டாள்.

"அப்ப கடல் ஏறி வந்தா?"

"உப்புத் தண்ணிதான் அதுக்கு ஆகாது," என்றார் சேர். திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல் பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டு, கொஞ்சம் வேகமாக நடந்தார்.